கருத்த இமைகளும் உப்புக்காற்றும்: மூன்றாண்டுக் கண் ஒப்பனை அனுபவம்

மண்டபத்திலிருந்து இராமநாதபுரத்துக்கு நாள்தோறும் பேருந்தில் சென்று, பள்ளியில் பாடம் நடத்திவிட்டுத் திரும்புகிறவள் நான். காலை ஏழு மணிக்குப் போடுகிற கண் ஒப்பனை மாலை ஐந்து மணிக்கு எந்த நிலையில் மிஞ்சியிருக்கிறது என்பதை வைத்துத்தான் ஒரு பொருளை நல்லது, ஆகாதது என்று முடிவு செய்கிறேன். ஏசி அறையில் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டு ‘நாள் முழுவதும் நீடிக்கும்’ என்று சொல்லும் காணொளிகளை நம்பி நான் வாங்கியவற்றில் பாதிக்கு மேல் உச்சிப்புளி வருவதற்குள்ளேயே இமை மடிப்பில் திரண்டுவிட்டன. இங்கே எழுதுவது அந்தச் சேதாரத்துக்குப் பிறகு மிஞ்சிய மூன்றாண்டு அனுபவம்.

எங்கள் வீட்டுப் பெண்களுக்கு மேலிமை கருத்தே இருக்கும். அம்மாச்சிக்கு உண்டு, அம்மாவுக்கு உண்டு, எனக்கும் பத்தாம் வகுப்பு படிக்கும்போதே தெரியத் தொடங்கிவிட்டது. நன்றாகத் தூங்கி எழுந்து போகிற நாளிலும் ஆசிரியர் அறையில் யாராவது ஒருவர், “என்ன டீச்சர், ராத்திரி தூங்கலையா?” என்று கேட்டுவிடுவார்கள். அந்தக் கேள்விக்காகத்தான் முதன்முதலில், கருமையை மறைக்கும் பூச்சான கன்சீலர் வாங்கினேன். என் நிறத்தைவிட இரண்டு படி வெளிறியதாகப் பார்த்து வாங்கினேன். கருமையை மறைக்க வெளுப்புதானே வேண்டும் என்று நினைத்தேன். அதைப் பூசிய இமை வெளுக்கவில்லை. திருநீறு பூசித் துடைத்ததுபோலச் சாம்பல் பூத்து நின்றது. தூங்காதவள் என்ற பெயர் போய், காய்ச்சல்காரி என்ற பெயர் வந்தது.

ஏன் அப்படி ஆனது என்பது பிறகுதான் புரிந்தது. வெளிறிய கன்சீலர்களில் வெள்ளை நிறமியான டைட்டானியம் டை ஆக்சைடு கூடுதலாக இருக்கும். நீலமும் பழுப்பும் கலந்த கருமையின் மீது வெள்ளையை ஏற்றினால் சாம்பல்தான் பிறக்கும். ஓவியம் பழகுகிற பிள்ளைகளுக்குக்கூட இது தெரியும். கருமையை முதலில் அதன் எதிர்நிறத்தால் அடக்க வேண்டும். நிற வட்டத்தில் நீலத்துக்கு எதிரே இருப்பது ஆரஞ்சு. ஊதாவுக்கு எதிரே இருப்பது மஞ்சள். இப்படி எதிர்நிறத்தால் கருமையை அடக்கும் பூச்சுதான் கரெக்டர். சிவந்த நிறத்தவர்களுக்கு வெளிர் பீச் நிற கரெக்டர் போதும். என்னைப் போன்ற மாநிறத்தவர்களுக்கும் அதைவிடக் கருத்தவர்களுக்கும் அந்த வெளிர் பீச்சும் சாம்பலில்தான் போய் முடியும். பழுத்த பப்பாளிச் சதையின் நிறத்தில், அழுத்தமான ஆரஞ்சாக இருப்பதே வேலை செய்கிறது. குப்பியில் பார்க்கும்போது அது அச்சமூட்டும். நானும் கடையில் அதை இரண்டு முறை எடுத்து, திரும்ப வைத்துவிட்டுத்தான் மூன்றாம் முறை வாங்கினேன்.

ஆனால் எல்லாக் கருமையும் ஒரே வகை அல்ல என்பதைச் சொல்லாமல் கரெக்டரைப் பற்றி மட்டும் பேசுவது நியாயமாகாது. சன்னல் வெளிச்சத்துக்கு நேராகக் கண்ணாடியை வைத்துக்கொண்டு, தோலை விரலால் மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும். இழுத்தாலும் நிறம் அப்படியே பழுப்பாக இருந்தால் அது பெரும்பாலும் மெலனின் என்னும் நிறமியால் வருவது. நீலமோ ஊதாவோ கூடித் தெரிந்தால் அடியில் உள்ள இரத்தக் குழாய்கள் மெல்லிய தோலின் வழியே தெரிகின்றன என்று பொருள். உடலிலேயே மிக மெல்லிய தோல் இமையில்தான் இருக்கிறது, ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். தலையை நிமிர்த்தி வெளிச்சத்தை நேரே வாங்கும்போது கருமை குறைந்தால் அது வெறும் நிழல்; குழிந்த கண்ணுக்கு உரியது. நிழலை எந்தப் பூச்சும் முழுதாக மறைக்காது. எனக்கு மேலிமையில் நிறமியும், மூக்கை ஒட்டிய மூலையில் நீலமும் இருக்கின்றன. ஆகவே கரெக்டரை மூலையில் மட்டும் சற்றுக் கூடுதலாகவும், மற்ற இடத்தில் பெயருக்கும் வைக்கிறேன்.

அளவு விஷயத்தில்தான் நான் அதிகம் அடிபட்டேன். தொடக்கத்தில் இமை முழுவதும் ஆரஞ்சைப் பூசி, அதன்மேல் கன்சீலர், அதன்மேல் பவுடர் என்று மூன்று அடுக்கு போட்டேன். கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் பேருந்தின் சன்னல் வழியே காற்றோடு மணலும் உப்பு ஈரமும் சேர்ந்து வரும். மூக்குக்கண்ணாடியைத் துடைத்த சற்று நேரத்தில் மறுபடி மங்கிவிடும். அப்படி ஒரு நாள் மூன்றாம் பாடவேளையில், முன்வரிசைச் சிறுமி ஒருத்தி எழுந்து வந்து, “டீச்சர், கண்ணுல சந்தனம் மாதிரி ஏதோ கோடா ஒட்டியிருக்கு” என்றாள். கழிவறைக் கண்ணாடியில் பார்த்தேன். இரண்டு இமை மடிப்பிலும் ஆரஞ்சுக் களிம்பு நூல் பிடித்ததுபோல ஒரு கோடாகத் திரண்டிருந்தது. மடிப்புக்கு மேலும் கீழும் இமை பழைய கருமையோடு அப்படியே இருந்தது. மூன்று அடுக்கும் ஒன்றாகச் சரிந்து மடிப்பில் தேங்கியிருந்தன.

அன்றிலிருந்து கரெக்டரின் அளவு, ஓர் இமைக்கு அரை அரிசி. அவ்வளவுதான். அதைப் புறங்கையில் வைத்து, மோதிர விரலால் தொட்டுத் தொட்டு, கருமை மிகுந்த இடத்திலிருந்து வெளிநோக்கித் தட்ட வேண்டும், தேய்க்கக் கூடாது. தட்டி முடித்ததும் இரண்டு நிமிடம் கண்ணைப் பாதி மூடியபடி காத்திருக்கிறேன். மடிப்பில் சேர்வதெல்லாம் அப்போதே சேர்ந்துவிடும், அதை வெறும் விரலால் ஒற்றி எடுத்த பிறகுதான் துளியளவு பவுடர். இந்த இரண்டு நிமிடம்தான் ஒப்பனையின் ஆயுளை நண்பகலிலிருந்து மாலை வரை நீட்டியது என்று உறுதியாகச் சொல்வேன். கரெக்டருக்கு மேல் கன்சீலர் போடுவதை வேலை நாட்களில் விட்டுவிட்டேன். இமையின் கருமை முழுதாகப் போகாது, பாதி அடங்கும். பாதி அடங்கினாலே போதும் என்பதை ஏற்றுக்கொள்ள எனக்கு ஓராண்டு பிடித்தது.

ஒப்பனைக்கு அடியில் முதலில் பூசும் பிரைமரைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சிலிக்கோன் வகை என் எண்ணெய்ப் பசையுள்ள இமைக்கு உதவியது. வறண்ட தோலுள்ள என் தங்கைக்கு உரிந்து வந்தது.

இனி, கண்ணை விரித்துக் காட்டுகிற வேலை. இதில் எனக்கு எதிரியாக இருந்தது நான் சிறுவயது முதல் விரும்பி இட்டுவந்த கண்மைதான். அம்மாச்சி, கரிசலாங்கண்ணிச் சாற்றில் தோய்த்து உலர்த்திய வெள்ளைத் துணியைத் திரியாகத் திரித்து, விளக்கெண்ணெயில் எரித்து, மேலே கவிழ்த்த தட்டில் படிந்த கரியை வழித்து மை கூட்டுவார். அந்த மையைக் கீழிமையின் உள்விளிம்பில் முனையிலிருந்து முனை வரை தீட்டுவதுதான் எங்களுக்குத் தெரிந்த அழகு. பெரிய கண்ணுக்கு அது எடுப்பாக இருக்கும். கருத்த இமையும் சிறிய கண்ணும் உள்ளவர்களுக்கோ, நான்கு புறமும் கருப்பு வேலி போட்டு வெள்ளை விழியைச் சுருக்கிவிடும். போதாக்குறைக்கு, வியர்வையில் அது கீழே இறங்கி, இருக்கிற கருமையோடு இன்னொரு கருமையைச் சேர்க்கும்.

கீழ் மையை நிறுத்திய முதல் வாரம் எனக்கே முகம் அந்நியமாகத் தெரிந்தது. அம்மாச்சி, “ஏன்த்தா, கண்ணு வெறிச்சுனு இருக்கு? மை வைக்கலியா?” என்று நாலு நாள் கேட்டார். பிறகு ஒரு சமரசத்துக்கு வந்தேன். மேலிமை மயிர்களின் வேர்களுக்கு இடையே, கீழிருந்து, நீர்புகாத கருப்புப் பென்சிலால் புள்ளி புள்ளியாக நிரப்புகிறேன். கோடு தெரியாது, மயிர் மட்டும் அடர்ந்து தெரியும். கீழே வெளிமூலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும், மயிருக்கு வெளியே, அடர்பழுப்பு. உள்விளிம்பில் வெள்ளைப் பென்சில் போடச் சொல்பவர்கள் உண்டு. மாநிறத்தில் அது பொம்மைக் கண் போல வெறிக்கிறது. சதை நிறப் பென்சில் அடங்கித் தெரிகிறது. அதையும் விழா நாட்களில் மட்டுமே போடுகிறேன், ஏனெனில் உள்விளிம்பில்தான் கண்ணீர் ஆவியாகாமல் காக்கும் எண்ணெய்ச் சுரப்பிகளின் வாய்கள் இருக்கின்றன. நாள்தோறும் அவற்றின் மேல் மெழுகு பூசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. கீழக்கரையில் உள்ள தோழி ஒருத்தி சுருமா இடச் சொன்னாள். கல்லை அரைத்துச் செய்யும் சுருமாக்களில் ஈயச் சேர்மம் இருப்பதுண்டு என்பதால் அதைத் தவிர்த்துவிட்டேன். அவளிடமும் சொன்னேன், கேட்டாளா என்பது வேறு கதை.

கண்ணை உண்மையில் திறந்து காட்டியது, இமைமயிரை அழுத்தி மேல்நோக்கி வளைக்கும் ஐலாஷ் கர்லர். என் இமைமயிர்கள் நேராகக் கீழ்நோக்கி வளர்ந்து விழியின் மேல் நிழல் விழச் செய்பவை. வேரில் ஒரு முறை, நடுவில் ஒரு முறை, ஒவ்வொன்றும் எட்டு வரை எண்ணும் நேரம் அழுத்துகிறேன். இமைமயிருக்குப் பூசும் மஸ்காராவுக்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். பின்னால் செய்தால் மயிர் ஒட்டிக்கொண்டு முறியும். மஸ்காராவில், வெதுவெதுப்பான நீரில் குழல் குழலாகக் கழன்று வரும் டியூபிங் வகையே எங்கள் ஊர்க் காற்றுக்கு ஒத்து வந்தது. வாட்டர்புரூஃப் வகை வியர்வைக்கு நின்றாலும், இமையின் எண்ணெயில் இளகிக் கீழே அச்சு பதித்தது. அதை நீக்கத் தேய்த்ததில் தோல் எரிந்தது.

இமைக்கு நிறம் தரும் ஐஷேடோவில், கண்ணை மூடிக்கொண்டு மடிப்பைத் தேடி நிறம் வைப்பது நான் நெடுநாள் செய்த பிழை. கண்ணைத் திறந்தால் மடிப்புக்குள் அது மறைந்துவிடும். கண்ணாடியை நேரே பார்த்தபடி, திறந்த கண்ணில் மடிப்புக்கு ஒரு நூல் மேலே, தோலைவிட ஒரே ஒரு படி கருத்த, மின்னாத மேட் பழுப்பை வைத்து மேல்நோக்கிக் கலைத்துவிட்டால், இமை உயர்ந்ததுபோலத் தெரிகிறது. விழிக்கு நேர் மேலே, இமையின் நடுவில், மின்னும் வெண்கல நிற ஷிம்மர் ஒரு பொட்டளவு. வெள்ளியும் வெளிர் ரோஜாவும் கருத்த இமையில் மீண்டும் சாம்பலையே தருகின்றன. பாம்பன் பாலத்தில் நின்று பார்த்தால் தெரியும் எங்கள் வெயில். அந்த வெளிச்சத்தில் அதற்கு மேல் ஒரு பொட்டு மின்னினாலும் மீன் செதில் ஒட்டியதுபோல் இருக்கும்.

மாலையில் நீக்குவது போடுவதைவிட முக்கியம் என்று எனக்கு உணர்த்தியவர் மதுரையில் நான் பார்த்த தோல் மருத்துவர். வடகாற்று மாதங்களில் எனக்குக் கண் அரிக்கும். அறியாமல் தேய்த்துக்கொண்டே இருப்பேன். அந்தத் தேய்ப்பே தோலைத் தடிக்கவைத்துக் கருமையை வளர்க்கிறது என்றார். அரிப்புக்கு மருந்து தந்தார், வாசனை சேர்த்த பொருட்களை இமையிலிருந்து விலக்கச் சொன்னார். அவரிடம் போகும் முன் ஒரு கடையில் ‘கருவளையம் போகும்’ என்று சொல்லித் தந்த ஒரு களிம்பை இரண்டு வாரம் போட்டிருந்தேன். அதன் குழாயைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது: ஸ்டீராய்டு. இமையில் நெடுநாள் பூசினால் தோல் மெலிந்து குழாய்கள் இன்னும் தெரியும், கண்ணழுத்தமும் கூடலாம் என்றார். இரண்டு வாரத்தோடு தப்பினேன்.

இப்போது, தேங்காயெண்ணெய் தோய்த்த பஞ்சை மூடிய இமையின் மேல் இருபது எண்ணும்வரை வைத்து, ஒரே ஒரு முறை கீழ்நோக்கி வழித்து எடுத்து, மென்மையான ஃபேஸ்வாஷால் கழுவுகிறேன். பகலில் வியர்த்தால் கைக்குட்டையால் ஒற்றுகிறேன். இரும்பு ஆக்சைடு சேர்த்த, தோல் நிறமுள்ள சன்ஸ்கிரீனை இமையெலும்பு வரை தடவுகிறேன். கண்ணுக்குத் தெரியும் ஒளியும் நிறமியைத் தூண்டும் என்பதால் வெறும் வெள்ளை சன்ஸ்கிரீனைவிட இது மேல். குளிர்கண்ணாடி அணிகிறேன். மூன்றாண்டுக்கு முந்தைய படத்தோடு ஒப்பிட்டால், ஒப்பனை இல்லாத இமையே ஒரு படி தெளிந்திருக்கிறது. அதில் பெரும்பங்கு தேய்ப்பதை நிறுத்தியதற்குத்தான், எந்தப் பூச்சுக்கும் இல்லை.

செலவுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். அரை அரிசிக் கணக்கில் ஒரு கரெக்டர் பதினான்கு மாதம் வந்தது. ஆனால் அதன் அடியில் திறந்த மூடிப் படத்துக்குள் 12 எம், அதாவது திறந்த பின் பன்னிரண்டு மாதம், என்று அச்சிட்டிருந்ததைத் தாமதமாகத்தான் கவனித்தேன், அடுத்ததைப் பன்னிரண்டாம் மாதமே எறிந்தேன். மஸ்காராவை நான்கு மாதத்துக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை. வெளிறிய கன்சீலர் இரண்டும், வெள்ளி மின்னும் ஐஷேடோ பெட்டி ஒன்றும் வீண். அந்தப் பெட்டியை அக்கா மகள் எடுத்துக்கொண்டு, தான் செய்த களிமண் மீன்களுக்குப் பூசியிருக்கிறாள். அவற்றுக்கு மிகப் பொருத்தமாக இருக்கிறது.