டர்பனில் ஸ்பவுஸ் விசா: விஎஃப்எஸ் கவுன்டரில் கட்டும் பணத்துக்கு என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது

முதலில் காசு விஷயம். தென்னாப்பிரிக்காவுக்குள் இருந்தபடி தற்காலிக விசா போட ஓர் ஆளுக்கு இரண்டு கட்டணம்: விசா தரும் உள்துறையான ஹோம் அஃபேர்ஸுக்கு 1,520 ராண்ட், அதன் சார்பில் விண்ணப்பம் வாங்கும் விஎஃப்எஸ் நிறுவனத்தின் சேவைக்கு 1,550 ராண்ட். கணவனும் மனைவியும் சேர்ந்து போட்டால் 6,140. கட்டணம் மாறக்கூடியது, கட்டுமுன் தளத்தில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். விசா கிடைக்காவிட்டாலும் இந்தப் பணம் திரும்பி வராது.

இதற்கு விஎஃப்எஸ் செய்து தருவது என்ன? ஆன்லைனில் படிவம் நிரப்பி நேரம் வாங்கிக்கொண்டு போனால், கைரேகையும் போட்டோவும் எடுப்பார்கள், காகிதங்களைப் பட்டியலோடு ஒப்பிட்டு வாங்கிக்கொள்வார்கள், ரசீது தருவார்கள், பிரிட்டோரியாவில் உள்ள ஹோம் அஃபேர்ஸ் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவார்கள். முடிவு வந்ததும் மூடிய உறையைக் கொடுப்பார்கள். 2014 முதல் இதுதான் ஏற்பாடு. கவுன்டரில் இருப்பவர் உங்கள் கோப்பின் தகுதியை எடைபோடுவதில்லை. "எல்லாம் சரியா இருக்கு" என்று அவர் சொன்னால், பட்டியலில் உள்ள காகிதங்கள் வந்துவிட்டன என்றுதான் பொருள். முடிவெடுப்பது ஹோம் அஃபேர்ஸ் அதிகாரி. விலை கூடிய தபால் பெட்டி என்று நினைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம் இருக்காது. அந்த அளவில் இது ஒழுங்காக நடக்கும் சேவைதான். பழைய காலத்து ஹோம் அஃபேர்ஸ் வரிசையோடு ஒப்பிட்டால் நேரம் குறித்துப் போகலாம் என்பதே பெரிய நிம்மதி.

ஆனால் மாணவத் தம்பதிகளின் கோப்பு கெடுவது கவுன்டரில் அல்ல. எந்தப் பிரிவின் கீழ் விசா கேட்கிறோம் என்பதை ஊரிலிருந்து விமானம் ஏறுமுன் தீர்மானிக்காததால்தான் கெடுகிறது.

2002ஆம் ஆண்டின் 13ஆம் எண் குடிவரவுச் சட்டத்தில் படிப்பு விசா பிரிவு 13. அந்த விசாவில் படிக்கும் ஒருவரின் கணவனோ மனைவியோ கூட வர வேண்டுமென்றால் கிடைப்பது பிரிவு 11(1)(பி)யின் கீழ் மூன்று மாதத்துக்கு மேற்பட்ட விசிட்டர் விசா. ஊரில் எல்லோரும் இதை 'டிபென்டென்ட் விசா' என்பார்கள். சட்டத்துக்கு இது விசிட்டர் விசாதான், வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. இதில் வேலை பார்க்க முடியாது, கல்லூரியில் சேரவும் முடியாது. படிப்பவரின் விசா முடிந்தால் இதற்கும் ஆதாரம் போய்விடும்.

இங்கே வந்த பிறகு படிப்பு விசாவாக மாற்றிக்கொள்ளலாம் என்று பலர் வருகிறார்கள். முடியாது. விசிட்டர் விசாவிலிருந்து வேறு விசாவுக்கு நாட்டுக்குள் இருந்தபடியே மாற, அந்தச் சட்டத்தின் கீழுள்ள குடிவரவு விதிகளில் 9(9) சில விலக்குகளை மட்டுமே தருகிறது. அதில் ஒன்று, வேலை விசாவோ தொழில் விசாவோ வைத்திருப்பவரின் துணைக்கும் பிள்ளைக்கும். படிப்பு விசா வைத்திருப்பவரின் துணை அந்தப் பட்டியலில் இல்லை. ஆக, குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தில் கணவர் முனைவர் பட்டம் படிக்க, மனைவி கூட வந்து, ஆறு மாதம் கழித்து டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இடம் வாங்கினால், அவர் சென்னைக்குத் திரும்பிப் போய்த்தான் படிப்பு விசா போட வேண்டும். டிக்கெட் காசும் ஒரு பருவமும் போச்சு.

அதனால் எங்கள் பரிந்துரை ஒன்றே: இருவரும் படிக்கும் எண்ணத்தில் இருந்தால் இருவரும் தனித்தனியே பிரிவு 13இல் போடுங்கள். உயர்கல்வி மாணவருக்கு வாரம் 20 மணி நேரம் பகுதிநேர வேலைக்கு அனுமதி உண்டு, ஒருவர் விசா மற்றவர் விசாவைச் சார்ந்து நிற்காது. செலவு கூடும்தான். ஆளுக்கொரு சேர்க்கைக் கடிதம், ஆளுக்கொரு மருத்துவக் காப்பீடு வேண்டும். காப்பீடு 1998ஆம் ஆண்டின் மெடிக்கல் ஸ்கீம்ஸ் சட்டத்தின் கீழ் பதிவானதாக இருக்க வேண்டும். ஊரில் வாங்கிய டிராவல் இன்சூரன்ஸ் இதற்கு ஈடாகாது. ஒருவர் மட்டும் படிக்கிறார், மற்றவருக்கு வீட்டோடு இருக்கும் எண்ணம் என்றால் 11(1)(பி) போதும்.

இனி காகிதங்கள். வெளிநாட்டிலிருந்து போட்டால் படிவம் டிஹெச்ஏ-1738. இங்கிருந்தபடி புதுப்பிக்க டிஹெச்ஏ-1739. இரண்டையும் மாற்றி அச்செடுத்துக்கொண்டு வருவது அடிக்கடி நடக்கிறது. துணையின் கோப்பில் கடவுச்சீட்டு, திருமணச் சான்றிதழ், படிப்பவரின் விசா நகல், பல்கலைக்கழகப் பதிவுச் சான்று, வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம், மருத்துவ அறிக்கை, போலீஸ் கிளியரன்ஸ் எல்லாம் வர வேண்டும். வங்கிக் கணக்கில் முந்தின வாரம் மொத்தமாக ஒரு தொகை விழுந்திருந்தால் அது யார் கொடுத்தது என்று ஒரு கடிதமும், கொடுத்தவரின் வங்கிக் கணக்கும் சேர்த்து வையுங்கள். உதவித்தொகை என்றால் எத்தனை மாதம், மாதம் எவ்வளவு என்பது கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும். 'முழு உதவித்தொகை பெறுகிறார்' என்ற ஒற்றை வரிக் கடிதத்தை வைத்து ஓர் அதிகாரியால் ஒன்றும் கணக்குப் போட முடியாது.

திருமணச் சான்றிதழில்தான் தமிழ்நாட்டுக்காரர்கள் அதிகம் மாட்டுகிறார்கள். கோயில் ரசீதும் மண்டபத்துப் பத்திரிகையும் சான்றிதழ் ஆகா. தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம், 2009இன்படி 90 நாளுக்குள் பதிய வேண்டும், தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னொரு 60 நாள். பதிந்த சான்றிதழுக்கு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில், அதாவது ஆவணம் வெளிநாட்டிலும் செல்லும் என்று உறுதிசெய்யும் முத்திரை, வாங்குங்கள். இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் அப்போஸ்டில் உடன்படிக்கையில் இருப்பதால் அதற்கு மேல் தூதரக முத்திரை தேவையில்லை. மாநில அரசின் அத்தாட்சி முதலில், பிறகுதான் வெளியுறவு அமைச்சகம், அதற்கும் நாள் ஒதுக்க வேண்டும். தை முகூர்த்தத்தில் கல்யாணம், பிப்ரவரியில் டர்பனில் வகுப்பு என்று திட்டம் போடுபவர்களுக்கு இந்தக் கணக்கு ஒருநாளும் ஒத்துவராது. 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் 30 நாள் அறிவிப்புக் கொடுத்து முதலில் பதிவை முடித்துக்கொண்டு, தாலி கட்டுவதைத் தையில் வைத்துக்கொள்ளலாம். பெரியவர்களைச் சமாதானப்படுத்துவது உங்கள் பாடு.

அடுத்தது இனிஷியல். பள்ளிச் சான்றிதழில் 'கு. செல்வி', திருமணச் சான்றிதழில் 'செல்வி குமரேசன்', கடவுச்சீட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலி, பெயர்க் கட்டத்தில் 'செல்வி' மட்டும். நமக்கு மூவரும் ஒருவர், பிரிட்டோரியாவில் இருப்பவருக்கு மூன்று பேர். கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயரைச் சேர்த்துக்கொண்டால் நாலாவது ஆளும் வந்துவிடுவார். சரியான வைத்தியம், ஊரை விட்டுக் கிளம்புமுன் கடவுச்சீட்டில் பெயரையும் குடும்பப் பெயரையும் பிரித்து எழுதி வாங்கி, அதே எழுத்துக்கூட்டலில் திருமணத்தைப் பதிவது. அதற்குக் காலம் இல்லையென்றால், எல்லாப் பெயர்களும் ஒரே ஆளைக் குறிக்கும் என்று ஓர் உறுதிமொழிப் பத்திரம். இங்கே எந்தக் காவல் நிலையத்திலும் இலவசமாகவே சத்தியம் வாங்கி முத்திரை போட்டுத் தருவார்கள். அதில் ஒவ்வொரு ஆவணத்தின் எண்ணும் அதிலுள்ள பெயரும் அப்படியே, எழுத்துக்கு எழுத்து இருக்கட்டும். சான்றிதழ் தமிழில் இருந்தால் உயர் நீதிமன்றத்தில் பதிவுபெற்ற மொழிபெயர்ப்பாளரின் ஆங்கில வடிவம் வேண்டும். ஊரில் பதியும்போதே ஆங்கிலத்தில் கேட்டு வாங்கிவிட்டால் இந்தச் செலவு மிச்சம்.

போலீஸ் கிளியரன்ஸ், விண்ணப்பத்துக்கு முந்தைய ஐந்து வருடத்தில் 12 மாதமோ அதற்கு மேலோ வாழ்ந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் வேண்டும், ஆறு மாதத்துக்கு மேல் பழசாகக் கூடாது. துபாயிலோ சிங்கப்பூரிலோ இரண்டு வருஷம் வேலை பார்த்தவர்கள் இந்தியச் சான்றை மட்டும் வைத்துக்கொண்டு வந்து நிற்பார்கள். ஆக மெதுவாக வரக்கூடிய நாட்டின் சான்றுக்கு முதலில் போடுங்கள், வேகமாக வருவதைக் கடைசியில் எடுங்கள். முதல் சான்று காலாவதியாகும் நேரத்தில் கடைசிச் சான்று வந்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். மருத்துவ அறிக்கை டிஹெச்ஏ-811, இதற்கும் ஆறு மாதமே ஆயுள். டாக்டரின் கையெழுத்தோடு அவருடைய முத்திரையும் இருக்கிறதா என்று கிளினிக்கை விட்டு இறங்குமுன் பாருங்கள். முன்பு கேட்ட மார்பு எக்ஸ்ரே அறிக்கை 2024 முதல் தேவையில்லை. மஞ்சள் காய்ச்சல் பகுதி வழியாக வருபவர்கள் தடுப்பூசி அட்டையையும் எடுத்து வையுங்கள்.

தம்பதியில் ஒருவர் தென்னாப்பிரிக்கக் குடிமகன் என்றால் கதையே வேறு. டர்பனின் சாட்ஸ்வொர்த் கோயிலில் மாலை மாற்றி, உறவு முழுக்கச் சாப்பிட்டுவிட்டுப் போனாலும், நடத்தி வைத்த ஐயர் 1961ஆம் ஆண்டின் திருமணச் சட்டத்தின் கீழ் நியமிக்கப்பட்ட மேரேஜ் ஆபீசர் இல்லையென்றால் ஹோம் அஃபேர்ஸ் கணக்கில் அது திருமணம் ஆகாது. நியமனம் பெற்ற இந்துக் குருக்கள் இருக்கிறார்கள், நாள் குறிக்கும்போதே கேட்டுவிடுங்கள். வெளிநாட்டவர் ஒருவர் சம்பந்தப்பட்டால் திருமணத்துக்கு முன் குடிவரவு அதிகாரியின் நேர்காணலும், ஊரிலிருந்து மணமாகாதவர் என்ற கடிதமும் கேட்பார்கள்.

இப்படிப் பதிந்த துணைக்கு வழி பிரிவு 11(6). 13 முதல் 22 வரையிலான பிரிவுகளில் எந்த விசாவுக்கும் தகுதி இல்லாத துணைக்கு இது. இதன் அருமை, வேலைக் கடிதமோ சேர்க்கைக் கடிதமோ காட்டினால் வேலைக்கும் படிப்புக்கும் அனுமதியைச் சேர்த்து எழுதித் தருவார்கள். அந்த அனுமதி குறிப்பிட்ட முதலாளிக்கோ கல்லூரிக்கோ மட்டும், மாறினால் மறுபடி விண்ணப்பம். நாட்டை விட்டு வெளியே போய்த்தான் போட வேண்டும் என்று முன்பு அலைக்கழித்தார்கள். 2019 ஜூனில் நந்துது வழக்கில் அரசியலமைப்பு நீதிமன்றம் அதைத் திருத்தியது. செல்லுபடியாகும் விசிட்டர் விசாவில் உள்ளே இருக்கும் குடிமகனின் துணை இங்கிருந்தே 11(6)க்குப் போடலாம். உறவு உண்மையானது என்ற உறுதிமொழிக்குப் படிவம் 12. திருமணம் இல்லாமல் சேர்ந்து வாழ்பவர்கள் இரண்டு வருடச் சேர்ந்த வாழ்வைக் காட்ட வேண்டும். இருவரையும் தனித்தனியே ஒரே நேரத்தில் நேர்காணல் செய்யவும் அதிகாரிக்கு உரிமை உண்டு. ஐந்து வருடத் திருமணம் ஆனபின் பிரிவு 26(பி)யில் நிரந்தர வசிப்புக்குப் போடலாம். கிடைத்த இரண்டு வருடத்துக்குள் உறவு முறிந்தால் அது ரத்து.

கூடுதல் சேவைகள் பக்கம் வருவோம். எஸ்எம்எஸ், கூரியர் பரவாயில்லை, வெளியூரில் இருப்பவர்கள் வாங்கலாம். தனி அறையில் உட்கார்ந்து கொடுக்கும் வசதி உட்காருவதற்கு மட்டும், உங்கள் கோப்பு பிரிட்டோரியாவில் ஒரு நாள்கூட முந்தாது. அங்கேயே நகலெடுப்பதைவிட வீட்டிலிருந்தே இரண்டு செட் எடுத்துக்கொண்டு போங்கள். வெளியே உள்ள ஏஜென்ட்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை: 2014க்குப் பிறகு குடிவரவு ஆலோசகர்களுக்கென்று சட்டப்படி தனிப் பதிவு கிடையாது. வழக்கறிஞர் என்று சொன்னால் வழக்கறிஞர்களைப் பதிவுசெய்யும் லீகல் பிராக்டிஸ் கவுன்சிலில் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். "உள்ளே ஆள் இருக்கு" என்று சொல்லிக் காசு கேட்பவர் தரும் விசா ஸ்டிக்கர் ஹோம் அஃபேர்ஸ் கணினியில் இருக்காது, விமான நிலையத்தில்தான் தெரியவரும்.

புதுப்பிக்கும் விண்ணப்பம் விசா முடிய 60 நாள் இருக்கும்போதே உள்ளே போயிருக்க வேண்டும். ரசீதைப் பத்திரமாக வையுங்கள். பழைய விசா முடிந்து புதியது வராத இடைவெளியில் ஊருக்குப் போவதுதான் ஆபத்தான காரியம். முடிந்த விசாவோடு வெளியேறினால் 30 நாளுக்குள் என்றால் 12 மாதம், அதற்கு மேல் என்றால் 5 வருடம் நாட்டுக்குள் வரத் தடை விழும். தாமதத்தில் இருப்போருக்கு ஹோம் அஃபேர்ஸ் அவ்வப்போது சலுகைச் சுற்றறிக்கை விடுவது உண்டு. கிளம்பும் நாளில் அது நடப்பில் இருக்கிறதா, உங்கள் விசா வகை அதில் இருக்கிறதா என்று படித்துப் பார்த்து ஒரு நகலைக் கையில் வைத்திருங்கள். சலுகை தடையிலிருந்துதான் காப்பாற்றும். இந்தியக் கடவுச்சீட்டுக்காரர் திரும்பி வர விசா வேண்டுமே!

உறை வந்ததும் கவுன்டரிலேயே பிரித்துப் பாருங்கள். கடவுச்சீட்டு எண், பெயர், முடிவுத் தேதி, எந்தப் பிரிவு, கீழே அச்சிட்ட நிபந்தனை வரி. 11(6)இல் படிப்பு அனுமதி கேட்டு, நிபந்தனை வரியில் துணையோடு வசிக்க மட்டும் என்று இருந்தால் திருத்தத்துக்கு அன்றே எழுதிக் கொடுங்கள். மறுப்பாக இருந்தால், கையில் வாங்கிய நாளிலிருந்து 10 வேலை நாளுக்குள் பிரிவு 8(4)இன்படி மறுபரிசீலனை கேட்க வேண்டும். அதுவும் தோற்றால் அமைச்சருக்கு 8(6), அதற்கும் 10 வேலை நாள். வாங்கிய தேதியை உறையின் மேலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மறுப்புக் கடிதத்தில் சொன்ன காரணங்களுக்கு மட்டும் வரிசையாகப் பதிலும் ஆதாரமும் கொடுங்கள், கடிதம் இரண்டு பக்கம் தாண்ட வேண்டாம்.