முதலில் ரயரா, கொயில் ஓவரா?

காரைப் பந்தயத்துக்குத் தயார் செய்யக் காசு ஒன்றுக்குத்தான் காணும் என்றால் ரயரை மாற்றுங்கள்; கொயில் ஓவர், அதாவது சுருளும் ஷொக் அப்சோபரும் ஒன்றாய் வரும் சஸ்பென்ஷன், பிறகு. யாழ்ப்பாணத்திலிருந்து களுத்துறைக்குப் பக்கத்திலுள்ள கட்டுக்குருந்த கார்ப்பந்தய ஓடுபாதைக்கு 400 கிலோமீற்றருக்கு மேல், அந்தக் காரிலேயே போய் அந்தக் காரிலேயே திரும்புகிறவருக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

செமி ஸ்லிக் (தவாளிப்புக் குறைந்த, பிடிப்புக் கூடிய ரயர்) போட்ட முதல் நாளே பிரேக்கிலும் வளைவிலும் பிடிப்புக் கூடுவது தெரியும். ஆனால் காற்றைக் கவனிக்காவிட்டால் அவ்வளவும் வீண். ஓட ஓடச் சூடேறி 5, 6 பிஎஸ்ஐ கூடிவிடும், ஆகவே ஓடி வந்து நிறுத்திய கையோடு அளந்து இறக்குங்கள். ரயரின் தோளிலிருந்து (நிலத்தில் படும் பகுதியின் ஓரத்திலிருந்து) பக்கச்சுவர் வரை சோக்கால் ஒரு கோடு கீறிவிட்டு ஓடிப் பாருங்கள்: கோடு பக்கச்சுவரிலும் அழிந்திருந்தால் காற்றுக் காணாது, தோளிலேயே அழியாமல் நின்றால் காற்றுக் கூட. இந்தச் சோக்குக் கோடு எனக்குக் கற்றுத்தந்தது கொஞ்சமல்ல. மாரி மழைக்கு மட்டும் பழைய ரயரைப் பத்திரமாக வைத்திருங்கள், செமி ஸ்லிக் வெள்ளத்தில் வழுக்கும்.

கொயில் ஓவர் வளைவில் கார் சரிவதைக் குறைக்கும். சில்லின் சரிவை மாற்ற உதவும் கேம்பர் பிளேட்டும் சேர்ந்தால் முன்சில்லுக்கு 2 பாகை நெகட்டிவ் கேம்பர் (சில்லின் மேற்பக்கம் உட்புறம் சரிந்து நிற்பது) வைக்கலாம், வெளித்தோள் தேய்வது குறையும். சரி, ஆனால் சுருளை அளவுக்கு மீறிக் கடினமாக எடுத்தால் பள்ளம் திட்டியில் சில்லு துள்ளும், துள்ளுகிற சில்லுக்குப் பிடிப்பே இல்லை.