அலாரமா, ஆளா, வெந்நீரா: கொடைக்கானல் குளிரில் எந்தப் பழக்கம் நிலைக்கிறது?

கொடைக்கானலில் காலை உடற்பயிற்சியை ஆரம்பிக்கிறவர்கள் நிறையப் பேர், விடாமல் செய்கிறவர்கள் கொஞ்சம்தான். இரண்டு வருடத்தில் நான் மூன்று வழியையும் பார்த்துவிட்டேன்: அலாரம் வைத்து போனில் 21 நாள் கணக்கு, துணைக்கு ஒரு ஆள், அப்புறம் தினமும் எப்படியும் செய்கிற வேலையோடு புதுசைக் கோத்துவிடுவது.

முதலில் அந்த 21 நாள், அதாவது விடாமல் 21 நாள் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்கிற பேச்சு. இந்த எண், மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960-இல் எழுதியதிலிருந்து கிளம்பியது. ஆபரேஷனில் மாறிய முகம் நோயாளிக்குப் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று அவர் கவனித்திருந்தார். உடற்பயிற்சியைச் சோதித்துக் கண்டுபிடித்த எண் இல்லை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியின் குழு 96 பேரை 12 வாரம் கவனித்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் யோசிக்காமலே வருகிற நிலைக்கு நடுவாக 66 நாள் வந்தது, அதுவும் ஒருவருக்கு 18, இன்னொருவருக்கு 254 (12 வாரப் போக்கை வைத்துக் கணித்தது) என்று அவ்வளவு வித்தியாசம். இடையில் ஒரு நாள் விட்டுப்போனால் பெரிய நஷ்டமில்லை என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. ஆனால் என் போனில் இருந்த ஆப்புக்கு அது தெரியாது. நவம்பர் மழை விடாமல் கொட்டிய ஒரு காலையில் நான் வெளியே போகவில்லை, அன்றைக்கு 19-ஆம் நாள், ராத்திரி பார்த்தால் கணக்கு பூஜ்யம். அதைப் பார்த்த வெறுப்பில் ஒரு மாதம் எதுவும் செய்யவில்லை. மழையும் பனிமூட்டமும் நம் கடிகாரத்தைக் கேட்டு வராத ஊரில் இந்த முறையை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

துணை நல்ல வழி. பக்கத்துத் தெரு அக்காவும் நானும் ஏரியை ஒரு சுற்று நடப்போம், கிட்டத்தட்ட 5 கிலோமீட்டர், பேச்சு சுவாரசியத்தில் தூரமே தெரியாது. அவர் வாசலில் நின்று கூப்பிடும்போது கம்பளிக்குள் கிடக்க மனசு வராது. ஆனால் ஏப்ரல், மே சீசன் வந்ததும் அவர் வீட்டு அறைகளில் ஆட்கள் தங்க வந்துவிடுவார்கள், காலையில் அவருக்கு நிற்க நேரமிருக்காது. அவர் நடையை நிறுத்தினார், நானும் நிறுத்திவிட்டேன். நடையைத் தொடங்கிவைக்க ஆள் வேண்டும், சரி. அந்த ஒரு ஆளையே முழுக்க நம்பினால் இப்படித்தான் ஆகிறது.

மூன்றாவதுதான் நிலைத்தது. இந்த மலையில் வெந்நீர் இல்லாமல் குளிக்கிறவர் யார்? மழை, பனி, சீசன், எதுவானாலும் காலையில் வாளியில் ஹீட்டரைப் போட்டே ஆக வேண்டும். சுவிட்சைத் தட்டினால் முதலில் கம்பிச்சுருளைச் சுற்றிப் பொடிப்பொடியாகக் குமிழ் ஒட்டும், அப்புறம் மெல்ல ஒரு இரைச்சல், கடைசியில் ஆவி. என் வீட்டில் அதற்குப் பதினைந்து நிமிடம் ஆகிறது. முன்பு அந்த நேரத்தில் போனைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். இப்போது சுவிட்சைத் தட்டிய கையோடு பத்து தடவை உட்கார்ந்து எழுந்திருப்பது, சுவரைப் பிடித்துக் குதிகாலைத் தூக்கி இறக்குவது, தோள்பட்டைக்கு நாலு அசைவு. அலாரம் வேண்டாம், கணக்கு வேண்டாம். ஆறு மணிக்கு எழுந்தாலும் எட்டு மணிக்கு எழுந்தாலும் ஹீட்டர் போடும்போது அது வந்துவிடுகிறது. அம்மாவின் பிரஷர் மாத்திரையையும் இப்படித்தான் மாற்றினோம், அட்டையைக் காப்பித்தூள் டப்பா மேலேயே வைத்துவிட்டோம், அதை எடுக்காமல் டப்பாவைத் திறக்க முடியாது.

இதிலும் ஓட்டை உண்டு. கீழே இறங்கி மதுரையில் தங்கை வீட்டில் பத்து நாள் இருந்தேன். அங்கே யாரும் வெந்நீர் போடுவதில்லை, எனக்கு உடற்பயிற்சி ஞாபகமே வரவில்லை. வேறு கல்லூரிக்கு மாறிய மாணவர்களை அமெரிக்க உளவியலாளர் வெண்டி வுட்டின் குழு ஆராய்ந்து 2005-இல் எழுதியதும் இதையேதான் காட்டியது: சூழல் பழையபடி இருந்த இடத்தில்தான் பழைய பழக்கமும் தொடர்ந்தது.

அடுத்த தடவை போனபோது அங்கே காலையில் பால் அடுப்பில் ஏறியதும் ஆரம்பித்தேன். பால் சீக்கிரம் பொங்கிவிடும், அதனால் உட்கார்ந்து எழுந்திருப்பது மட்டும்.