கோத்தகிரி பக்கம் எங்க சர்ச் ஆரம்பப் பள்ளி: கமிட்டி எப்படி?

என் பொண்ணு இங்க மூணாவது படிக்கிறா, ஸ்கூல் கமிட்டிக்கு அஞ்சுக்கு நாலு ஸ்டார். அரசு உதவி பெறும் எய்டட் ஸ்கூல்ங்கறதால டீச்சர் சம்பளம் அரசு குடுத்துருது, ஆனா கூரை பாத்ரூம் எல்லாம் நிர்வாகம்தான் பாக்கணும், அதனால தாளாளரும் கமிட்டியும் அக்கறையா இருந்தாதான் ஸ்கூல் ஓடும். போன ஐப்பசி மழைல ஒண்ணாங்கிளாஸ் ஓடு ஒழுகி பிள்ளைங்க ஈர பெஞ்சுல உக்காந்துச்சுங்க, கமிட்டில இருக்கற அக்கா ஒருத்தங்க நேர்ல வந்து பாத்துட்டு, ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் செலவுக் கணக்கை எல்லார் முன்னாடியும் படிச்சு காணிக்கை எடுத்து பத்தே நாள்ல சரி பண்ணிட்டாங்க, மனசு நெறஞ்சுருச்சு. காலை உணவுத் திட்டமும் 2024 ஜூலை 15ல இருந்து கிராமத்து எய்டட் ஸ்கூலுக்கு வந்துருச்சே, காலைலயே தேயிலை பறிக்க போற அம்மாக்களுக்கு பெரிய நிம்மதி. ஒரு ஸ்டார் கொறைச்சதுக்கு காரணம், கமிட்டில சபை ஆளுங்க மட்டும்தான், எஸ்டேட் அம்மா ஒருத்தரையாவது சேருங்க ஐயா.