கையடக்கக் கருவியில் அவுட்ரன்: எந்தப் பதிப்பு தேறுகிறது?

யு சுசுகி வடிவமைத்து 1986-இல் செகா வெளியிட்ட 'அவுட்ரன்' என்னும் கார் ஓட்டும் ஆர்கேட் (காசு போட்டு ஆடும் இயந்திர) விளையாட்டில் முப்பரிமாண உருவம் என்று எதுவும் கிடையாது. தொலைவில் புள்ளியாகத் தெரியும் பனையும் விளம்பரப் பலகையும் நெருங்க நெருங்கப் பெரிதாவதற்குக் காரணம், தட்டையான ஸ்பிரைட் படங்களை ஓயாமல் உருப்பெருக்கிக்கொண்டே இருந்த தனிச் சுற்றமைப்பும், அதற்குக் கட்டளையிட்ட இரண்டு மோட்டோரோலா 68000 செயலிகளும்தான். எனவே கையடக்கக் கருவிகளுக்கு வந்த பதிப்புகளை, இந்த உருப்பெருக்கம் எவ்வளவு தடங்கலின்றி நடக்கிறது என்பதை வைத்தே முதலில் எடைபோட வேண்டும்.

அந்த வகையில் 1991-இல் செகாவின் கேம் கியர் கைக்கருவிக்கு வந்த பதிப்பு தேறாது. 160x144 புள்ளிகள் கொண்ட திரையும் ஒரே ஒரு இசட்80 செயலியும் கொண்ட அக்கருவியில் ஸ்பிரைட்டுகளைப் படிப்படியாகப் பெரிதாக்கும் வசதியே இல்லாததால், மரங்கள் வளர்வதற்குப் பதிலாக ஓர் அளவிலிருந்து இன்னோர் அளவுக்குத் தாவுகின்றன. 2003-இல் கேம் பாய் அட்வான்ஸுக்கு நான்கு விளையாட்டுகளின் தொகுப்பில் ஒன்றாக வந்த பதிப்புக்கு வன்பொருள் ஓரளவு கைகொடுத்தது. ஆனால் அக்கருவியின் ஒற்றை ஒலிபெருக்கியில் மூல விளையாட்டுக்கு ஹிரோஷி கவாகுச்சி அமைத்த இசை மெலிந்துவிடுகிறது.

எம்2 நிறுவனம் நின்டெண்டோ 3டிஎஸ்ஸுக்கு உருவாக்கி, ஜப்பானில் 2014-இலும் பிற நாடுகளில் 2015-இலும் வெளிவந்த '3டி அவுட்ரன்' இவற்றோடு ஒரே தராசில் வைக்கத்தக்கதன்று. மூல இயந்திரம் நொடிக்கு 30 முறை காட்சியை மாற்றியது (30 பிரேம்). இப்பதிப்பு 60 முறை மாற்றுகிறது. கண்ணாடி அணியாமலே ஆழம் தெரியும் திரை என்பதால், முன்னால் செல்லும் லாரிக்கும் நமக்கும் உள்ள இடைவெளியைக் கணிக்க முடிகிறது; ஆழம் என்பது வெறும் அலங்காரமாக இல்லாமல் ஓட்டத்துக்கே உதவும் அரிய நேர்வு இது. புதிதாக இரண்டு பாடல்களும் உண்டு. உரிமச் சிக்கலால், மூலத்தில் நாம் ஓட்டும் ஃபெராரி காரின் தோற்றத்தைச் சற்றே மாற்றியிருக்கிறார்கள், ஓட்டும்போது அது கண்ணில் படுவதே இல்லை. உண்மையான குறை வேறு: 2023 மார்ச்சில் 3டிஎஸ்ஸின் இணையக் கடை விற்பனையை நிறுத்திவிட்டதால், இதை அங்கே புதிதாக வாங்க வழியில்லை. இதே நிறுவனம் ஸ்விட்சுக்குச் செய்த அகலத்திரைப் பதிப்பில் 60 பிரேம் வேகம் தொடர்கிறது, ஆழம் மட்டும் போய்விட்டது.

லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் கையடக்க விளையாட்டுக் கருவி வைத்திருப்போர்முன் இரண்டு வழிகள் உள்ளன. மேம் எமுலேட்டர் பழைய வன்பொருளை அப்படியே போலச் செய்வதால், 30 பிரேமும் மூலத்தின் பிழைகளும் மாறாமல் கிடைக்கின்றன. ஆவணம் என்ற முறையில் அதுவே சரியானது. 'கேனன்பால்' என்னும் திறமூல மென்பொருளோ விளையாட்டின் இயக்கத்தையே சி++ மொழியில் புதிதாக எழுதி, மூல ரோம் கோப்புகளிலிருந்து (ஆர்கேட் இயந்திரத்தின் சில்லுகளில் இருந்த தரவின் நகல்கள்) படங்கள், தடங்கள், இசை போன்ற தரவுகளை மட்டும் எடுத்துக்கொள்கிறது. அந்தக் கோப்புகளைப் பயனரே கொண்டுவர வேண்டும். மூலச் செயலிகளைப் போலச்செய்யும் சுமை இல்லாததால் எளிய செயலியிலும் அது 60 பிரேமை எட்ட முடிகிறது. விளையாடுவதற்கு என்றால் என் தேர்வு கேனன்பால்தான். சாய்க்கும் அளவுக்கேற்பத் திருப்பும் அனலாக் குச்சி இல்லாத கருவியானால், அதன் அமைப்புகளில் ஸ்டீயரிங் திரும்பும் வேகத்தைக் குறைத்துக்கொள்வது நல்லது. இல்லையேல் திசைப் பொத்தானை ஒருமுறை அழுத்தினாலே கார் வளைவைத் தாண்டிப் புல்லில் இறங்கிவிடும்.