மடிப்பாக்கத்தில் ஒரு பிளம்பிங் கடை: கழிவுநீர் இணைப்புப் பணி குறித்த மதிப்புரை

செப்டிக் டேங்கை மூடிவிட்டு, வீட்டைத் தெருவின் பாதாளச் சாக்கடையோடு இணைக்கும் வேலையை மடிப்பாக்கத்தில் உள்ள ஒரு சிறு பிளம்பிங் கடையிடம் ஒப்படைத்தோம். வேலையின் தரத்துக்குத் தாராளமாக மதிப்பெண் தருவேன். ஆள் வந்து சேர்ந்த நேரத்துக்குத் தர மாட்டேன். ஆனால் அந்தத் தாமதத்தில் கடைக்காரரின் பங்கு எவ்வளவு, தெருவில் எந்த வேலை எப்போது நடக்க வேண்டும் என்று தீர்மானிப்பவர்களின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால்தான் இந்தக் கடையை நியாயமாக மதிப்பிட முடியும்.

மடிப்பாக்கம் 2011 வரை ஊராட்சியாக இருந்தது. அந்த ஆண்டு சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிவடைந்தபோது அதனுள் வந்தது. அதற்கு முன்பே மனைகள் வீடுகளாகிவிட்டன, சாக்கடைதான் வரவில்லை. ஆகவே இங்குள்ள பிளம்பர்களின் பிழைப்பு நெடுங்காலம் செப்டிக் டேங்க், சம்ப், போர்வெல் மோட்டார் ஆகியவற்றைச் சுற்றியே இருந்தது. அருகிலுள்ள ஆலந்தூரிலோ, அது தனி நகராட்சியாக இருந்தபோதே, வீட்டுக்கு 5,000 ரூபாய் என்று வைப்புத்தொகை திரட்டிப் பாதாளச் சாக்கடை அமைத்துவிட்டார்கள். சாக்கடை இணைப்பு வேலை அங்குள்ளவர்களுக்கு எப்போதோ பழகிப்போனது. இங்கே இப்போதுதான் பலருக்கும் கைவருகிறது.

ஒரு தெருவில் குழாய் பதித்து முடித்து இணைப்புக்கு அனுமதி கிடைத்ததும், அதுவரை பிளம்பரைத் தேடாத வீடுகள்கூட ஒரே நேரத்தில் தேடத் தொடங்குகின்றன. காரணம் எளிது: புதுச் சாலை போட்டுவிட்டால் அதை வெட்ட மீண்டும் அனுமதி வாங்க வேண்டும், கட்டணமும் கட்ட வேண்டும், மழைக்காலம் நெருங்கினால் சாலை வெட்டுக்கே மாநகராட்சி தடை போட்டுவிடும். இந்தக் குறுகிய இடைவெளியில்தான் கூலி ஏறுகிறது, ஆள் கிடைப்பதில்லை, முன்பணம் வாங்கியவர் அடுத்த தெருவில் நிற்கிறார். எங்கள் கடைக்காரரும் சொன்ன தேதியில் வரவில்லை. இருப்பினும் எஸ்டிமேட்டில் குழாய்க்கு அடிக்கணக்கிலும், சேம்பருக்கு (குழாய்கள் சேருமிடத்தில் கட்டும் சிறு தொட்டிக்கு) தனியாகவும், உடைத்த தரையைப் பூசுவதற்குத் தனியாகவும் எழுதிக் கொடுத்த தொகையை, நெருக்கடியைக் காரணம் காட்டி அவர் உயர்த்தவில்லை.

வேலைக்கு வந்த மேஸ்திரி முதலில் கடப்பாரையைத் தொடவில்லை. தண்ணீர் நிரப்பிய லெவல் டியூபின் ஒரு முனையைக் கழிவறைக் குழாயருகிலும் மறுமுனையைத் தெருச் சேம்பரிலும் பிடிக்கச் செய்து, வாட்டத்தைக் கணக்கிட்டார். நான்கு அங்குலக் குழாய்க்கு 40 அடி நீளத்தில் ஓரடி இறக்கம் இருந்தால் நல்லது. எங்கள் வீட்டில் அது கிடைப்பதாக இல்லை. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே தார் போட்டுப் போட்டுச் சாலை உயர, வீடு தாழ்ந்துபோயிருந்தது. சாலையைச் சுரண்டிவிட்டே புதிதாகப் போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளர் உத்தரவிட்டார். அதற்குமுன் ஏறிய உயரம் ஏறியதுதான். மேஸ்திரி குழாயைப் பக்கவாட்டுச் சந்து வழியாக நேராகக் கொண்டுபோய், இரண்டு வளைவுகளைத் தவிர்த்து, வேண்டிய இறக்கத்தைத் தேடிக்கொடுத்தார். அவசரக்காரர் ஒருவர் கழிவறைத் தரையை உயர்த்தச் சொல்லி இன்னொரு செலவை நம் தலையில் கட்டியிருப்பார். மூடுவதற்கு முன் ஒவ்வொரு சேம்பரிலும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, தேங்காமல் ஓடுவதைக் காட்டினார்.

குறை என்று சொன்னால், இணைப்பு முடிந்த பிறகு சொட்டும் குழாய் ஒன்றைப் பார்க்க அழைத்தால் யாரும் வருவதில்லை. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, சுயசான்றின் பேரில் இணையவழியிலேயே அனுமதி தரும் முறை 2024 ஜூலையில் வந்தது. அப்படி அனுமதி எளிதாகிப் புது வீட்டு வேலை இருக்கும்போது சில்லறைப் பழுதுக்கு ஆள் அனுப்பக் கட்டுப்படியாகாது என்று கடைக்காரர் ஒளிக்காமலேயே சொல்கிறார். அவரைக் குற்றம் சொல்ல முடியவில்லை; ஆனால் வாடிக்கையாளராக ஏற்கவும் முடியவில்லை. சிறு பழுதுக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள். சாக்கடை இணைப்புக்கு இந்தக் கடையை நாடலாம். தெருவில் குழாய் இறக்கும் லாரியைப் பார்த்த அன்றே எஸ்டிமேட் வாங்கிவிடுவது நல்லது.