ஏர் பிஸ்டல் ட்ரிகர்: மெக்கானிக்கலா, எலக்ட்ரானிக்கா?

போன மாதம் துப்பாக்கி சுடும் ரேஞ்சில் ஒரு தம்பி பக்கத்தில் வந்து நின்றான். கல்லூரி இரண்டாம் ஆண்டு. ஒன்றரை வருடமாக கிளப் பிஸ்டலில் சுடுகிறான். அவன் அப்பா பி.எஃப். பணத்தில் கொஞ்சம் எடுத்துத் தர ஒத்துக்கொண்டுவிட்டாராம். "அண்ணா, வாங்குறதுதான் வாங்குறோம், எலக்ட்ரானிக் ட்ரிகராவே வாங்கிடலாமா?" என்றான்.

நான் இரண்டிலும் சுட்டவன், இரண்டிலும் அடிபட்டவன். அதனால் ஒரு வார்த்தையில் பதில் சொல்ல வரவில்லை.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். மெக்கானிக்கல் ட்ரிகரில், பிஸ்டலை காக் செய்யும்போது, அதாவது சுடத் தயாராக்கும்போது, ஒரு சுத்தியல் பின்னால் போய் ஸ்பிரிங்கை அமுக்கிக்கொண்டு நிற்கும். அதைப் பிடித்து வைத்திருப்பது ஸியர் என்கிற சின்ன உலோக விளிம்பு. விரலை இழுத்தால் விளிம்பு நழுவும், சுத்தியல் பாய்ந்து வால்வைத் தட்டும், அழுத்தக் காற்று பெல்லட்டை, அதாவது சின்ன ஈயக் குண்டை, தள்ளும். எலக்ட்ரானிக்கில் விரல் தொடுவது ஒரு ஸ்விட்ச் அல்லது சென்சாரை மட்டும்தான். அதற்கப்புறம் வேலையெல்லாம் சர்க்யூட்டுடையது. அது சொலினாய்டு என்கிற மின்காந்தச் சுருளுக்கு மின்சாரம் விடும், சொலினாய்டு காற்றைத் திறந்துவிடும்.

கடையில் சொல்லும் முதல் விளம்பரம், எலக்ட்ரானிக்கில் ட்ரிகரை இழுத்ததிலிருந்து பெல்லட் கிளம்பும் வரையான நேரம் குறைவு என்பது. உண்மைதான். ஆனால் அந்த வித்தியாசம் மில்லி செகண்டுகளில் இருக்கிறது. என் கை ஆடுகிற ஆட்டத்துக்கு அந்தக் கணக்கு எந்த மூலைக்கு? பத்து மீட்டர் தூரத்தில் இருக்கும் பத்துப் புள்ளி வட்டத்தின் அகலம் 11.5 மில்லிமீட்டர், ஒரு ரூபாய் நாணயத்தில் பாதி. அதைத் தவறவிட்ட எந்த ஷாட்டுக்கும் நான் மில்லி செகண்டைக் குற்றம் சொன்னதில்லை. விரலை வெடுக்கென்று இழுத்திருப்பேன், அவ்வளவுதான்.

நிஜமான வித்தியாசம் விரல் நுனியில் தெரிவதுதான். இரண்டு வகையிலும் ட்ரிகருக்கு இரண்டு கட்டம் உண்டு. முதல் கட்டம் லேசாகப் பின்னால் வந்து ஒரு சுவரில் முட்டி நிற்கும். அந்தச் சுவரைத் தாண்டினால் ஷாட். மெக்கானிக்கலில் சுவரைத் தாண்டும்போது உலோகத்தின் மேல் உலோகம் உரசுவது மிக மெல்லிசாக விரலுக்கு வரும். நன்றாக ட்யூன் செய்த பிஸ்டலில் அது கண்ணாடிக் குச்சி முறிகிற மாதிரி இருக்கும். சுமாராகச் செய்ததில் மணலில் செருப்பு இழுபடுகிற மாதிரி. எலக்ட்ரானிக்கில் அந்த உரசலே கிடையாது. சுவர் என்பது வெறும் ஸ்பிரிங். முதல் ஷாட்டும் அறுபதாவது ஷாட்டும் ஒரே மாதிரி. 75 நிமிடத்தில் 60 ஷாட் சுடுகிற போட்டியில், கை களைத்துப்போன கடைசி பதினைந்து ஷாட்டில் இதன் அருமை தெரியும்.

இதோடு சேர்ந்ததுதான் 500 கிராம் விவகாரம். சர்வதேச விதிப்படி ஏர் பிஸ்டல் ட்ரிகரின் எடை, அதாவது அதை இழுக்கத் தேவையான பலம், 500 கிராமுக்குக் குறையக்கூடாது. குழலை நேர் மேலே பார்க்க வைத்து, 500 கிராம் எடைக்கல்லை ட்ரிகரில் மாட்டித் தூக்குவார்கள். கல் தரையை விட்டு எழுந்தால் பாஸ். நடுவிலேயே ட்ரிகர் விழுந்துவிட்டால், அதாவது ஷாட் விடுபட்டுவிட்டால், இல்லை. மூன்று முறைக்குள் தூக்கியாக வேண்டும்.

மெக்கானிக்கலில் அந்த எடை ஸ்பிரிங்கின் இழுப்பும் ஸியரின் உரசலும் சேர்ந்த கூட்டுத்தொகை. ஸியர் தேய்ந்தால், எண்ணெய் மாறினால், ஸ்க்ரூ கால் சுற்று நகர்ந்தால், தொகையும் நகரும். ஒரு போட்டியில் என் ட்ரிகர் மூன்று முறையும் விழுந்தது. முந்தின வாரம் வீட்டில் தூக்கிப் பார்த்து சரியாக இருந்த பிஸ்டல்! பின்னால் வரிசை நிற்க, ஆலன் கீயைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்க்ரூவைத் தேடினேன். வியர்வையில் கீ இரண்டு முறை வழுக்கியது. கால் சுற்று கொடுத்து மறுபடி சோதனைக்கு நீட்டியதும் தூக்கியது. ஆனால் அன்று முழுக்க என் ட்ரிகர் எனக்கே அந்நியமாக இருந்தது.

எலக்ட்ரானிக் வாங்கியபின் அந்தப் பயம் போனது. அதற்குப் பதில் வேறு வந்தது.

ஐப்பசி மழையில் மூன்று வாரம் ரேஞ்சுக்குப் போக முடியவில்லை. பிஸ்டல் பெட்டி கட்டிலுக்கடியில் கிடந்தது. எடுத்து வந்து ஐந்தாவது பெல்லட் போட்டு ட்ரிகரை இழுத்தால், ஒன்றுமே இல்லை. பேட்டரி இடத்தைத் திறந்தேன். கோயில் குத்துவிளக்கின் அடியில் இருக்குமே, அந்தப் பச்சைக் களிம்பு முனைகளில் பூத்திருந்தது. மகளின் பென்சில் ரப்பரால் தேய்த்து, புது பேட்டரி போட்டதும் உயிர் வந்தது. அதிலிருந்து நான்கு நாளுக்கு மேல் சுடவில்லை என்றால் பேட்டரியைக் கழற்றிவிடுகிறேன். பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு. சென்னையில் இது கட்டாயச் செலவு, கடற்காற்றுக்கு இரும்பும் தெரியாது, செம்பும் தெரியாது.

மெக்கானிக்கல் கெடுவதற்கு முன் சொல்லிவிட்டுக் கெடும். விரலுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியும். எலக்ட்ரானிக் சொல்லாமல் நின்றுவிடும். பேட்டரியும் கான்டாக்ட் கிளீனரும் ரிச்சி தெருவில் கிடைக்கும். ஆனால் அந்தப் பிஸ்டலின் சர்க்யூட் போர்டு அங்கே கிடைக்காது. வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், சீசன் போய்விடும்.

2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கை இங்கே எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். தகுதிச் சுற்றின் நடுவில் இந்திய வீராங்கனை மனு பாக்கரின் பிஸ்டல் பழுதாகி ஏறக்குறைய 20 நிமிடம் போயிற்று. 600-க்கு 575 எடுத்து 12-வது இடம், இறுதிச் சுற்று இரண்டு புள்ளியில் கைநழுவியது. அதைப் பார்த்து எலக்ட்ரானிக்கே வேண்டாம் என்று முடிவு செய்தவர்கள் உண்டு. ஆனால் அப்போது வந்த செய்திகளின்படி முதலில் உடைந்தது காக்கிங் லீவர், சுத்தமான மெக்கானிக்கல் பாகம். அதை மாற்றப் பிரித்துப் பூட்டியபோதுதான் சர்க்யூட் மக்கர் செய்தது. இதை நான் இப்படிப் படிக்கிறேன்: எலக்ட்ரானிக் பிஸ்டலில் எது கெட்டாலும் வயர்களைத் தாண்டித்தான் போக வேண்டும். உலக அளவில் சுடுகிறவர்களோடு மெக்கானிக் இருப்பார், மாற்று பிஸ்டலும் இருக்கும். நமக்கு இருப்பது ஒரே பிஸ்டலும் ஞாயிற்றுக்கிழமையும்.

மாடல் கணக்கு சுலபம். மொரினி சிஎம் 162, ஸ்டெயர் ஈவோ 10, வால்டர் எல்பி500 ஆகியவை இரண்டு வகையிலும் வந்தவை. ஃபைன்வெர்க்பாவ் பி8எக்ஸ் மெக்கானிக்கல், அதன் ட்ரிகரைத் தொட்டுப் பார்த்தால் எலக்ட்ரானிக் எதற்கு என்று தோன்றும். ஒரே மாடலில் எலக்ட்ரானிக் வேண்டுமென்றால் கூடுதல் காசு. அந்தக் காசுக்கு எத்தனை டப்பா பெல்லட் வரும் என்று நான் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்ப்பேன்.

தம்பியிடம் இரண்டையும் கொடுத்தேன், பத்துப் பத்து ஷாட். எலக்ட்ரானிக்கில் அவன் முகம் மலர்ந்தது. அட்டையைப் பார்த்தால் மொத்தம் ஒரு புள்ளிதான் வித்தியாசம், அதுவும் மெக்கானிக்கலுக்குச் சாதகமாக. "நீ இன்னும் ட்ரிகர் ஸ்க்ரூ எதையும் திருப்பிப் பார்த்ததில்லையே. முதல் பிஸ்டல் மெக்கானிக்கலா இருக்கட்டும். ஒவ்வொரு ஸ்க்ரூவும் என்ன பண்ணுதுன்னு உன் விரலுக்குத் தெரியட்டும். மாநிலப் போட்டியில 560 தாண்டினப்புறம் எலக்ட்ரானிக் பத்திப் பேசலாம்" என்றேன். "சரிண்ணா" என்றான். கண் என்னவோ என் பெட்டியிலேயே இருந்தது.

இப்போது பழைய பிஸ்டல் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, மெக்கானிக்கல்தான். வரும் சனிக்கிழமை பார்க்கப் போகிறோம். 500 கிராம் எடைக்கல்லை நான் எடுத்து வருகிறேன். அவனிடம் ஒன்றுதான் சொல்லியிருக்கிறேன்: ட்ரிகரைத் தொடுவதற்கு முன்னால் காற்று சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியைப் படி. சிலிண்டரின் ஆயுளான பத்து வருடம் தாண்டியிருந்தால் புது சிலிண்டர் விலையைக் கழித்துத்தான் பேரம்.